பராமரிப்பவர் யார் என்று கேட்கும் சட்டம்

சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். அது சொல்வதோடு சொல்லாமல் விடுவதையும் பார்க்கப் பெண்ணிய வாசிப்பு நமக்குப் பழக்கியிருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம் சம்பளத்தை அளந்த 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் குழந்தை எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் படித்தேன்.

80சி பிரிவில் குழந்தை கல்விக் கட்டணமாக வருகிறது. இரண்டு பிள்ளைகளின் முழுநேரப் படிப்புக்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். காப்பீடு, சேமநல நிதி எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 1,50,000 ரூபாய். காப்பகத்துக்குக் கட்டும் பணமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் சம்பளமும் இதில் சேரா. அவை இல்லாமல் நம்மில் பலர் வேலைக்கே போயிருக்க முடியாது. சட்டத்துக்கோ அது வெறும் வீட்டுச் செலவு. அந்தச் சட்டத்தின் காலத்தில் கல்விப்படிக்கான விலக்கு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாயாக இருந்தது. புதிய வரிமுறையில் இவையும் இல்லை.

என்னை நிறுத்தியது 64(1ஏ) பிரிவு. பிள்ளையின் பெயரில் போட்ட வைப்புத்தொகையின் வட்டி யார் வருமானத்தில் சேரும்? பெற்றோரின் திருமணம் நீடித்தால், இருவரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில். நீடிக்காவிட்டால், பிள்ளையைப் பராமரிப்பவர் கணக்கில். ஆக, பராமரிப்பு என்ற சொல் சட்டத்துக்குத் தெரிந்தே இருக்கிறது. மணவாழ்க்கை முறிந்த பிறகுதான் அதற்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. அப்போதும் பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்குப் போக, பராமரிப்பவர் தலையில் வரியாகவே அது ஏறுகிறது. சேர்ந்து வாழும் வீட்டில் யார் பராமரிக்கிறார் என்று சட்டம் கேட்பதே இல்லை.

பிரிட்டனில் இந்தக் கேள்வியைப் பெண்கள் கேட்டார்கள். 1945இல் குடும்பப்படிச் சட்டம் வந்தபோது, பணம் தாயின் கைக்கே போக வேண்டும் என்று எலினர் ராத்போன் நாடாளுமன்றத்தில் வாதாடி வென்றார். பெரும்பாலும் தந்தையின் சம்பளத்தில் சேர்ந்துவந்த பிள்ளைகளுக்கான வரிக்கழிவு, 1977 முதல் படிப்படியாக நீங்கி, வழக்கமாகத் தாயிடம் தரப்படும் குழந்தை நலத்தொகையானது.

காப்பகச் செலவுக்குக் கழிவு கேட்பது நம் நியாயமான கோரிக்கை. ஆனால் அது வரி கட்டும் நமக்கு மட்டுமே உதவும். நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் பிள்ளைகள் உண்டு. வரி வரம்புக்கு வெகு கீழே இருக்கும் அவரிடம் எந்தக் கழிவும் போய்ச் சேராது. அவர் கைக்கு நேரே வரும் தொகையையும், அவர் தெருவில் ஒரு நல்ல காப்பகத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.