பதக்கமும் பயமும்

பயம் என்பதையே அறியாத ஒரு ஹவில்தாரை வைத்து ஒரு காலத்தில் நான் ஒரு கதை எழுதினேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். இப்போது அந்தக் கதையை எடுத்துப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. காரணம், ஆடி மர்ஃபி நடித்த இரண்டு சினிமாப் படங்கள்.

மர்ஃபி 1925-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில், குத்தகை நிலத்தில் பருத்தி பயிரிட்டுப் பிழைத்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டான். 1941-ல் தாயும் போய்ச் சேர்ந்தாள். மறு வருஷம் வயதைக் கூட்டிக் காட்டிச் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஆள் குள்ளம், நோஞ்சான். ஆனால் ஸிஸிலி, இத்தாலி, பிரான்ஸ் என்று சண்டையிட்டு, போர்க்களத்திலேயே அதிகாரியாக உயர்ந்தார். 1945 ஜனவரி 26-ந் தேதி, பிரான்ஸில் ஹோல்ட்ஸ்விர் கிராமத்தருகே, தம் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த கவச வண்டியின் மேல் ஏறினார். அதிலிருந்த யந்திரத் துப்பாக்கியால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஜெர்மானியரைத் தனியாகவே தடுத்து நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது 19. அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' அதற்காகக் கிடைத்தது. மற்றப் பதக்கங்களுக்கும் குறைவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு அவர் நடிகரானார். 1951-ல் ஜான் ஹ்யூஸ்டன் எடுத்த 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' படத்தில் அவருக்குக் கிடைத்த வேஷம், சண்டைக்கு நடுவே மிரண்டு ஓடிப்போகும் ஓர் இளம் சிப்பாய்! அதன் மூலமான நாவலை 1895-ல் புத்தகமாக வெளியிட்ட ஸ்டீஃபன் கிரேன், கதையில் வரும் உள்நாட்டு யுத்தம் முடிந்து ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவர். அதை எழுதியபோது போர்க்களத்தையே கண்டதில்லை. காணாதவர் எழுதிய பயத்தைக் கண்டவர் நடித்துக் காட்டினார். அந்த முகத்தில் பொய் இல்லை.

ரசிகர்களோ வெள்ளோட்டக் காட்சியில் சிரித்தார்கள். கம்பெனியார் படத்தை எழுபது நிமிஷத்துக்குள் அடங்குமாறு வெட்டினார்கள். அப்படியும் ஓடவில்லை.

1955-ல் வந்த 'டு ஹெல் அண்ட் பேக்' வசூலில் சக்கைப் போடு போட்டது. இதில் மர்ஃபி மர்ஃபியாகவே நடித்தார். 1949-ல், டேவிட் மக்ளூர் என்ற நண்பரின் உதவியோடு அவர் வெளியிட்ட சுயசரிதைதான் மூலம். அந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். பதக்கங்களை அது பெரிதுபடுத்தவில்லை. கூட இருந்து மாண்டவர்களைப் பற்றியே பேசுகிறது. 1944 ஆகஸ்டில், சரணடைவதாகப் பாசாங்கு செய்த எதிரிகளை நம்பி எழுந்து நின்று சுடப்பட்ட உயிர்த் தோழன் லாட்டி டிப்டன், அதில் பிராண்டன் என்ற பெயரில் வருகிறான்.

படம் அப்படியல்ல. ஜனவரி மாதப் பனியில் நடந்த சண்டையைப் பனியே இல்லாத வெளியில் காட்டி, பதக்கம் சூட்டும் அணிவகுப்போடு முடித்துவிடுகிறார்கள். படம் நிற்கிற இடத்தில்தான், ஒரு நாவலாசிரியனுக்குக் கதை தொடங்குகிறது. ஊர் திரும்பிய மர்ஃபிக்குத் தூக்கம் வரவில்லை. தலையணைக்கடியில் குண்டு போட்ட துப்பாக்கி இல்லாமல் படுக்க முடியவில்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையானார். பிறகு ஓர் அறைக்குள் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டு அந்தப் பழக்கத்தை விட்டொழித்தார். யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் மன வேதனையைப் பற்றி வெட்கப்படாமல் ஊரறியப் பேசினார். எரியும் வண்டிமேல் ஏறியதற்குச் சற்றும் குறையாத தைரியம் இது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, அவருடைய சொந்தக் கதை என்று விளம்பரம் செய்த படத்தைவிட, இன்னொருவன் கதையாக வந்து தோற்றுப்போன படத்தில்தான் மர்ஃபி என்ற மனிதரை நாம் அதிகம் காண்கிறோம். பயப்படுகிறவனுக்கல்லவா தைரியம் தேவைப்படுகிறது? என் ஹவில்தாருக்கு அது தேவைப்படவே இல்லை.

மர்ஃபி 1971-ல் விமான விபத்தில் இறந்தார். ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அந்த உயர்ந்த விருது பெற்றவர்களின் கல்லறைக் கற்களுக்குப் பொன்னெழுத்து உண்டு. தமக்கு அது வேண்டாம், சாதாரணச் சிப்பாய்க்குரிய கல்லே போதும் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியே வைத்திருக்கிறார்கள்.