பக்கத்து வீட்டுக் கதை யாருக்குச் சொந்தம்?

பஞ்சாபிப் பையன் கிஷோர் குமார், தில்லியில் வாடகைக்கு அறை கிடைக்காமல் மதராஸியாக வேஷம் போடுகிறார். தமிழ்ப் பெண் ஜானகியாக வைஜயந்திமாலா வருகிறார். 1956-ல் வந்த ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படத்தை நம் சங்கத்து மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படத்தின் மேல் நடந்த வழக்கு பலருக்குத் தெரியாது.

ஆர்.ஜி. ஆனந்த் 1953-ல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்று ஒரு நாடகம் எழுதினார். அடுத்தடுத்து வசிக்கும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், பிள்ளைகளின் காதல், குறுக்கே நிற்கும் மாகாணப் பற்று. இதுதான் கதை. 1954-ல் தில்லியில் மேடையேறி நல்ல பெயர் வாங்கியது. இயக்குநர் மோகன் சேகல் ஆர்வம் காட்டினார். 1955-ல் ஆனந்த் அவருக்கு முழு நாடகத்தையும் சொல்லிக் காட்டினார். அப்புறம் பதிலே இல்லை, படம்தான் வந்தது.

ஆனந்த் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டிலும் தில்லி உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். 1978-ல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. கருத்து, கருப்பொருள், கதைக்கரு இவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு ‘இது அதன் நகல்’ என்று தெளிவாகத் தோன்ற வேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம். நாடகத்தில் மாகாண வெறி கல்யாணத்தோடு நிற்கிறது. படத்திலோ வீட்டு வாடகை, வங்காளி ஓவியர், வரதட்சணை என்று கதை விரிகிறது.

தீர்ப்பின் அடிப்படை சரியே. வேறு மாநிலத்துக்காரர் பக்கத்து வீட்டில் வாழ்வது நம்ம எல்லாருடைய கதை. அதை ஒருவருக்கே பட்டா போட்டுக் கொடுத்தால் மற்றவர்கள் எழுதவே முடியாது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வேற்றுமைகளைக் கூட்டிக்கொண்டே போனால் எந்தத் தழுவலும் தப்பிவிடுமே! காட்சிகளை மாற்றி, புதிதாகச் சிலவற்றைச் சேர்த்து மூலத்தை மறைப்பது சினிமாக்காரருக்குப் பெரிய காரியமா? அமர்வில் இருந்த நீதிபதி பாடக்கும் இந்தச் சங்கடத்தை உணர்ந்தே எழுதினார். கீழ் மன்றங்கள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்திருந்ததால்தான் குறுக்கிடத் தயங்கினார்.

சட்டப்படி நகல் இல்லை என்பது ஒன்று; கதை சொன்னவருக்கு ஒரு நன்றி வரி போடுவது வேறொன்று. முதலாவதைத்தான் கோர்ட் தீர்மானிக்கும். இரண்டாவது மனிதப் பண்பு. படத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஓடிய இருபத்திரண்டு வருஷத்தை ஒரு நன்றி வரி மிச்சப்படுத்தியிருக்கலாம்.

நம் மேடைகளுக்கு எழுதும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். வாயால் கதை சொல்லுமுன் எழுத்துப் பிரதியைத் தேதியோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். காப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிந்து வைத்தால் சாட்சிக்கு உதவும். கரு ஊருக்குப் பொது. எழுதிய வரிகள் உங்களுடையவை.