நகை, அச்சம், அழுகை: அண்மைத் திரைப்படங்களில் வேற்றுமொழிக்காரர்

காமெடிப் படமா, பேய்ப் படமா, குடும்பப் படமா என்று கேட்டுவிட்டுத்தான் நம் வீடுகளில் டிக்கெட் வாங்குகிறோம். இந்த வகைப்பாடு ஆங்கிலப் படங்களிலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணிச் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் நகை, அச்சம், அழுகை மூன்றும் உண்டு. ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நந்நான்கு காரணங்களையும் அவர் வகுத்துச் சொல்லியிருக்கிறார். நான் விமர்சகன் அல்லன். பெங்களூரில் இருந்துகொண்டு தமிழ், மலையாளம், இந்தி என்று எது வந்தாலும் பார்க்கிற ரசிகன். அந்தப் பழைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அண்மைக்காலப் படங்கள் சிலவற்றைப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பார்க்கப்போனால் மூன்று வகையிலும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார். அவர் வேற்றூர்க்காரர், வேற்றுமொழிக்காரர். அதாவது நம்மைப் போன்றவர்.

நகை

எள்ளலையும் பேதைமையையும் நகைக்குரிய காரணங்களில் தொல்காப்பியர் சேர்க்கிறார். இதற்கு உரை எழுதிய இளம்பூரணர், செயிற்றியனார் பெயரால் ஒரு பழைய நூற்பாவை எடுத்துக்காட்டுகிறார். எதையெல்லாம் கண்டு மக்கள் சிரிப்பார்கள் என்ற நீண்ட பட்டியல் அது. முடவரின் நடை, கூனர், குள்ளர், செவிடர், ஊமையர், திருநங்கையர், கல்லாதவர் பேசும் கல்வி என்று போகிற அந்தப் பட்டியலில், ஆரியர் பேசும் தமிழும் ஒன்று! நமது நகைச்சுவை டிராக்குகளை எழுதியவர்கள் இதைப் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் படித்துவிட்டு எழுதியது போலவே எழுதியிருக்கிறார்கள். அரைகுறைத் தமிழ் பேசும் வட்டிக்கடை சேட்டும், டீக்கடை நாயரும் வந்து நின்றாலே தியேட்டரில் சிரிப்பு எழும்.

அதே கண்ணாடியில் நம் முகமும் தெரிகிறது. 1968-இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற தென்னாட்டுப் பாட்டு வாத்தியார் வேடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே சிரிப்புக்கு இடம் நம்முடைய இந்தி. 2013-இல் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' வரை இது ஓயவில்லை. அவர்கள் செய்தால் கோபம் வருகிறது, நாம் செய்தால் "சும்மா தமாஷு" என்கிறோம். இது நியாயமா?

இந்த நிலையில் 2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' எனக்குப் பெரிய ஆறுதல். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பிள்ளைகளோடு இலங்கையிலிருந்து படகில் வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் அடையாளத்தை மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. இலங்கைத் தமிழைக் கிண்டலடித்துச் சுலபமாகக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். இயக்குநர் அதைச் செய்யவில்லை. பேச்சை மறைக்க அவர்கள் படும் பாட்டில்தான் சிரிப்பு வருகிறது. பேச்சின் மேல் வரவில்லை. அக்குடியிருப்பில் ஒரு மரணம் நேரும்போது ஒதுங்கி வாழ்ந்த அண்டை வீட்டார் ஒன்று சேர்வதும் நன்றாக வந்திருக்கிறது. எல்லோரும் இவ்வளவு நல்லவர்களா என்று ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. காவல்துறையைப் பற்றிய பகுதிகள் கொஞ்சம் வசதியாக முடிகின்றன. ஆனாலும் எள்ளல் இல்லாமல் இரண்டு மணி நேரம் சிரிக்க வைக்க முடியும் என்று காட்டியதற்காக அதை மன்னிக்கலாம்.

அச்சம்

சிரிப்பையும் பயத்தையும் ஒன்றாய்க் கலப்பது நமக்குப் புதிதல்ல. 1964-இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா நடுங்கியபடியே கேட்கும் காட்சிக்கு ஈடு இன்றுவரை வரவில்லை. பேய் திரையில் வரவே இல்லை. பாலையாவின் முகத்தில்தான் வந்தது.

இன்று பேய் நேரில் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். 1993-இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழு' மலையாளப் படம். அதில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி, தமிழ் பேசுகிறாள். அக்கதை கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும் (2004) தமிழில் 'சந்திரமுகி'யாகவும் (2005) வந்தபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்தியில் 'பூல் புலையா' (2007) ஆனபோது வங்காளி ஆனாள். எந்த ஊரில் படம் எடுத்தாலும் பேய்க்கு அண்டை மாநிலத்து மொழிதான்! 2024-இல் வந்த சுந்தர் சி-யின் 'அரண்மனை 4' இன்னும் தூரம் போய், அசாம் நாட்டார் கதைகளில் வரும் 'பாக்' என்ற ஆவியைப் பிரம்மபுத்திரா நதியிலிருந்து இறக்குமதி செய்தது. தாய்ப் பேயாக வரும் தமன்னாவின் பகுதியில் கொஞ்சம் மனசு இருந்தது. மற்றபடி பங்களா, ஓடிப் பிடிக்கும் காமெடி, கடைசியில் கோயில் பாட்டு என்று எல்லாம் அச்சில் வார்த்தது போலத்தான்.

'மணிச்சித்ரத்தாழு' 2024 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தது. முப்பது வருஷம் கழித்தும் அது நிற்பதற்குக் காரணம், அந்த வேற்றுமொழிப் பெண்ணுக்கு நேர்ந்த அநியாயத்தையும் படம் சொல்வதுதான். பிடித்து வைத்தது யார், கொன்றது யார் என்று தெரிந்ததும் பயம் இரக்கமாகிவிடுகிறது. 2011-இல் வந்த 'காஞ்சனா'வும் இதைச் செய்தது. செயிற்றியனார் காலந்தொட்டு கேலிக்கு ஆளான திருநங்கையைச் சரத்குமார் கம்பீரமாக நடித்துக் காட்டினார். சத்தமும் அடிதடியும் அளவுக்கு மீறிய படம்தான், ஆனால் அந்தப் பகுதிக்காக அது நினைவில் நிற்கும்.

தொல்காப்பியர் அச்சத்துக்குச் சொல்லும் காரணங்கள்: பேய் முதலான அணங்கு, விலங்கு, கள்வர், தன்னை ஆளும் தலைவன். நம் பேய்ப் படங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. நான்காவதையும் எடுத்துக்கொண்ட படம் ராகுல் சதாசிவனின் 'பிரமயுகம்' (2024). கறுப்பு வெள்ளையில், 17-ஆம் நூற்றாண்டு மலபாரில் நடக்கும் கதை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் பாழடைந்த மனையில் நுழைகிறான். அதன் தலைவராக மம்மூட்டி. சோறு போடுகிறார், சூதாடக் கூப்பிடுகிறார். தோற்றவனின் காலத்தையே எடுத்துக்கொள்கிறார். அணங்கும் ஆள்பவனும் ஒரே உருவம். அதிகாரம்தான் பேய் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் படம் அதைச் சொல்லிவிடுகிறது. அண்மையில் வந்த அச்சப் படங்களில் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

பெங்களூர்க்காரர்களுக்கு இரண்டு படங்களில் தனி உரிமை உண்டு. 1990-களில் இங்கே கதவுகளில் 'நாளே பா', அதாவது 'நாளை வா' என்று எழுதிவைத்துப் பேயைத் திருப்பி அனுப்பிய கதை பலருக்கும் தெரியும். அதே கருவைச் சந்தேரி என்ற ஊரில் வைத்து 2018-இல் அமர் கௌஷிக் எடுத்த இந்திப் படம் 'ஸ்த்ரீ'. இரவில் வெளியே போக ஆண்கள் நடுங்குகிறார்கள் என்று தலைகீழாக்கியதில் சிரிப்பும் இருந்தது, கேள்வியும் இருந்தது. 2024-இல் வந்த இரண்டாம் பாகம் வசூலைக் குவித்தது, ஆனால் அந்தக் கூர்மை குறைந்துவிட்டது. இன்னொன்று ஜித்து மாதவனின் 'ரோமாஞ்சம்' (2023). 2007-இல் பெங்களூரில் வாடகை வீட்டில் கூட்டமாகத் தங்கிய மலையாளி இளைஞர்கள் கேரம் போர்டை வைத்து ஆவியைக் கூப்பிடுகிறார்கள். வேலையில்லாமை, வாடகை, சமையல் சண்டை எல்லாமே அசல். பிழைக்க வந்த ஊரில் தனியாக இருக்கிறவனுக்குப் பேய்கூட ஒரு துணைதான் என்று தோன்றவைத்தது.

அழுகை

அழுகைக்குரிய காரணங்களில் ஒன்று 'அசைவு'. பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துவது என்று பேராசிரியர் இதற்குப் பொருள் சொல்வார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024) முழுக்க இந்த அசைவுதான். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி (அரவிந்த் சாமி) இருபத்திரண்டு ஆண்டு கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் ஒருவர் (கார்த்தி) வாழ்நாள் பாசத்தையும் கொட்டுகிறார். அருளுக்கோ அவர் பெயர் நினைவில்லை. கேட்கவும் வெட்கம். ஊருக்குப் போகும்போது நம்மில் எத்தனை பேர் இப்படிச் சிரித்துச் சமாளித்திருக்கிறோம்!

படம் வெளிவந்த சில நாளில், நீளம் என்று புகார் வந்து ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். இரவு உரையாடல்கள் இழுக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஊருக்குப் போனவனை உறவுக்காரர்கள் சீக்கிரம் விடுவதில்லை. அந்த நீளமே படத்தின் பொருள். வெட்டியது எனக்குச் சம்மதமில்லை.

முடிவாக ஒன்று. வேற்றூர்க்காரரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், பயப்படுவது அதைவிடச் சுலபம். அவருக்காக அழ வேண்டுமென்றால் அவர் பெயர் தெரிய வேண்டும். நாகவல்லிக்குப் பெயர் இருந்தது, காஞ்சனாவுக்கு இருந்தது. சேட்டுக்கும் நாயருக்கும் சாதிப் பெயரோடு நின்றுபோயிற்று. வேற்றுமொழி மண்ணில் பிள்ளை வளர்க்கிற நாம், அடுத்த முறை தியேட்டரில் யாருடைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம். பக்கத்து இருக்கையில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அதன் கன்னடத்தையோ இந்தியையோ கேட்டுச் சிரிக்க வேறொரு பிள்ளை இருக்கும்.