கோல்ட் ஸ்டார் எக்சோஸ் மாட்டிய கதைகள்

பெர்ட் ஹாப்வுட் 1981இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே ஒரு கேள்விதான்: பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலுக்கு என்ன ஆயிற்று? கேட்பவர் வெளியாள் இல்லை. நார்ட்டன் டாமினேட்டர், பிஎஸ்ஏ கோல்டன் பிளாஷ் வண்டிகளின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களை வடிவமைத்தவர். ஏரியல், டிரையம்ப், நார்ட்டன், பிஎஸ்ஏ என்று பெரிய கம்பெனிகளிலெல்லாம் வேலை பார்த்தவர். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யார் யார் கடைசிவரை மருந்து வாங்கித் தரவில்லை என்று பெயர் சொல்லி அழுகிற மாதிரி எழுதியிருக்கிறார்.

அந்த அழுகைதான் புத்தகத்தின் பலம். பொதுவான பாகங்களை வைத்துச் சிறிய எஞ்சின் முதல் பெரிய எஞ்சின் வரை ஒரே குடும்பமாகச் செய்யலாம் என்ற ஹாப்வுட்டின் திட்டம் காகிதத்தைத் தாண்டவில்லை. தகவல் தெரியாமல் செத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. டிரையம்பின் எட்வர்ட் டர்னர் 1960இல் ஜப்பானுக்கே போய் ஹோண்டா, சுசூகி, யமாஹா தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதினார். அறிக்கை இருந்தது. படித்தார்கள். அவ்ளோதான்.

ஆனால் ஜொகூரிலிருந்து படிக்கும்போது புத்தகத்தில் ஒரு ஆள் குறைவது எனக்குத் தெரிகிறது: வண்டி ஓட்டுகிறவர். ஹாப்வுட்டின் உலகம் வரைபட மேசையும் நிர்வாகக் கூட்டமும்தான். அந்த வண்டியில் ஏறி வேலைக்குப் போகிற மனிதன் ஏறக்குறைய வருவதே இல்லை.

அந்த மனிதனுக்குத்தான் ஹோண்டா 1958இல் சூப்பர் கப்பைச் செய்தது. கிளட்ச் பிடி கிடையாது. காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். செயினுக்கு மூடி, சேற்றைத் தடுக்க முன்னால் கவசம். பினாங்கின் லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். கப் என்பதோடு சின்னது என்று பொருள்படும் சீன ஒட்டு சேர்ந்து 'கப்சாய்' பிறந்தது. குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிளை விட்டு இறங்கியவர்கள் ஏறியது இதில்தான். விடியும் முன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் இன்றும் பாதி இதன் பேரப்பிள்ளைகள்தான்.

ஹாப்வுட் விட்ட இடத்தை ஸ்டீவ் கோர்னரின் 2012ஆம் ஆண்டு ஆய்வு நிரப்புகிறது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலின் 'விசித்திரமான மரணம்' பற்றிய நூல் அது. ஜப்பான் வருவதற்கு முன்பே நோய் இருந்தது என்கிறார் கோர்னர். வேகத்தையும் பந்தயத்தையும் விரும்பும் ஆண்களுக்கே வண்டி செய்து பழகியவர்கள், சாதாரணப் போக்குவரத்துக்கு மலிவான வண்டி கேட்டவர்களைப் பொருட்படுத்தவில்லை. சின்ன வண்டியில் பழகியவன் நாளைக்கு நம் பெரிய வண்டிக்குத்தானே வருவான் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் இருந்தது. அவன் பெரிய வண்டிக்கு வரத்தான் செய்தான். ஆனால் 1969இல் அவனுக்காகக் காத்திருந்தது ஹோண்டா சிபி750. பிரிட்டன் ஒவ்வொரு பிரிவாக விட்டுக்கொடுத்துப் பின்வாங்கியதை 1975இல் பாஸ்டன் கன்சல்டிங் குழு அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தது. தொழிலாளர்கள் கூட்டுறவாக நடத்திய மெரிடன் டிரையம்ப் தொழிற்சாலையும் 1983இல் மூடப்பட்டது.

இவ்வளவு நடந்த பிறகும் மிஞ்சியது எது? சத்தம். ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால் 500 வெடிப்பு. ஒவ்வொன்றையும் காதால் பிரித்துக் கேட்கலாம். புல்லட்டின் 'டப் டப்' அதுதான். பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் பந்தய வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டதும் எக்சோஸ் கீச்சிடும். அந்தக் கீச்சுக்கே தனி ரசிகர்கள். அந்த வண்டியின் தயாரிப்பு 1963இல் நின்றது. இன்று புல்லட்டுக்கு மாட்டும் எக்சோஸ்களில் ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில் வரிசையில் 'கோல்ட் ஸ்டார்' என்றே ஒரு வகை விற்கிறது. செத்துப்போன வண்டி ஒரு குழாயின் பெயராக உயிரோடு இருக்கிறது.

எக்சோஸ் என்றால் வெறும் சத்தமா என்ன? கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன், டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாயை விரித்துச் சுருக்கி, வெளியே ஓடிய அழுத்த அலையையே திருப்பி அனுப்பினார். தப்பித்து வந்த புது எரிபொருளை அது மறுபடி சிலிண்டருக்குள் தள்ளியது. 1961இல் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி, அந்த வித்தையைச் சுசூகிக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்கு. நம்ம ஊர்ப் பையன்கள் கொண்டாடும் யமாஹா ஆர்எக்ஸ்இசட்டின் வயிறு பெருத்த குழாய் அந்தப் பரம்பரைதான். அங்கே குழாய் யோசிக்கிறது. சத்தம் அந்த யோசனையின் உபவிளைவு. புல்லட்டின் தடுப்புத் தகட்டைப் பிடுங்கும்போது சத்தம் மட்டும் தனியாக வருகிறது. பெட்ரோல் கலவையை அதற்கேற்ப மாற்றாவிட்டால் பலம் ஒன்றும் கூடாது என்று எந்த போமனைக் கேட்டாலும் சொல்வார்.

இதைப் பையன்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அதற்கு 1987லேயே வந்த வாகன இரைச்சல் விதிமுறை இருக்கிறது, சாலைத் தடுப்பு இருக்கிறது. எனக்கு அந்த ஆசை புரிகிறது. நம் தோட்டக் கதைகளில் துரை வருவதற்கு முன் அவருடைய மோட்டார் சத்தம் வந்துவிடும். பால்வெட்டுக்காரர் நிமிர்ந்து நிற்பார், பேச்சு நின்றுவிடும். அந்தச் சத்தம் அதிகாரத்தின் சத்தம். பேரன் அதைக் காசு கொடுத்து வாங்கித் தன் காலுக்கடியில் வைத்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தில் 1970இல் முடிந்து திருவொற்றியூரில் தொடர்ந்தது. 2020இல் நார்ட்டனை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது டிவிஎஸ். துரை வண்டி தமிழ்நாட்டுக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம்தான்.

என் புகார் எழுத்தாளர்களிடம். தோட்டத்தைப் பற்றி இப்போது வரும் கதைகளைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பட்டறை ஞாபகம் வருகிறது. லயம், ஒத்தையடிப் பாதை, பெரட்டு, சங்குச் சத்தம், துரையின் மோட்டார் எல்லாம் சரியாக ஒலிக்கின்றன. தடுப்புத் தகட்டைப் பிடுங்கியதால் இன்னும் சத்தமாகவே ஒலிக்கின்றன. உள்ளே எஞ்சின் எது என்று பார்த்தால் தாத்தா சொன்ன அதே கதை. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு அந்தக் குடும்பம் ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் எப்படி வந்தது, முதல் கப்சாயின் மாதத் தவணையை யார் கட்டினார்கள், அந்த வண்டி வந்தபின் வீட்டுப் பெண் எவ்வளவு தூரம் தனியாகப் போக முடிந்தது? இந்தக் கேள்விகளுக்குச் சத்தம் கம்மி. அதனால் கதையில் இடமும் கம்மி.

ஹாப்வுட்டின் முதலாளிகள் செய்ததும் இதுதான். கம்பீரமான சத்தம் போடும் வண்டியைத் தவிர வேறெதையும் வண்டியாகவே அவர்கள் மதிக்கவில்லை. சத்தம் போடாமல் காலை நாலரை மணிக்கு வேலைக்குக் கிளம்பியவனின் கணக்கை அவர்கள் எழுதிப் பார்க்கவே இல்லை. நாமும் இன்னும் எழுதவில்லை.