நுளைமகள் அரித்த கள்

கடப்பாக்கம் கழிமுகத்தில் படகில் உட்கார்ந்து சிறுபாணாற்றுப்படையைத் திரும்பப் படித்தேன். பாடிய நத்தத்தனார் இதே இடைக்கழிநாட்டுக்காரர். போய்வந்த பாணன் போகாதவனிடம் ‘நீயும் போ’ என்கிறான். அமெரிக்க உல்லாசப் படகுக்காரர்களின் சண்டையும் இதுதான்: 1962 முதல் தங்கள் நாடு தடை போட்டிருக்கும் கியூபாவுக்கு, சுமார் 90 மைல் கடந்து போகலாமா? போனால் காசு அரசாங்கத்துக்கு என்கிறது ஒரு கட்சி. போகாவிட்டால் அடி சாதாரண சனத்துக்கு என்கிறது இன்னொன்று.

நம் பாட்டும் நல்லியக்கோடன் என்ற அரசனின் புகழ்தான். ஆனால் எனக்கு மனசில் நிற்பவள், எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் கள்ளை அரித்தெடுத்த நுளைமகள். பேர்கூட இல்லாத மீனவப் பெண். என்னளவில் பாட்டு பிழைத்திருப்பது அவளால்தான். போவதா வேண்டாமா என்பதையும் அவளைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்.