போழும் ஊசியும்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மேடையில் புறநானூற்று உவமைகளைப் பற்றிப் பேச வந்த அறிஞர் ஒருவர், 82ஆம் பாட்டை அரை நிமிடத்தில் சொல்லிக் கடந்தார். அவையும் சிரித்து மகிழ்ந்தது. நானும் சிரித்தவன்தான். வீடு திரும்பும் பேருந்தில்தான், சிரித்தது சரிதானா என்னும் ஐயம் எழுந்தது. அவ்வையத்தின் விளைவே இக்கட்டுரை.

சாத்தந்தையார் பாடிய அப்பாட்டு ஆறே அடிகளால் ஆனது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேற்றுவலி, மழை பெய்கிறது, பொழுதோ சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒருவன் தோல்வாரினால் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான். ஊரைக் கைக்கொள்ள வந்த வீரனோடு போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருத போர், அவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசியைக் காட்டிலும் விரைந்து முடிந்தது என்கிறார் புலவர். மேடையில் பேசிய அறிஞர் இதனை 'அவசரத்துக்கு ஓர் உவமை' என்றார். நான்கு புறமும் நெருக்கடி. ஆகவே கை பரபரக்கிறது. அந்தப் பரபரப்பே போருக்கு உவமை என்பது அவர் விளக்கம். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லப்பட்டதும் ஏறத்தாழ இதுவே.

இவ்விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பரபரப்போடு மற்போர் செய்தவன் வெல்வானா? தோற்றுத்தான் போவான். அவசரமாக எழுதிய அலுவலகக் குறிப்பு மறுநாளே மேசைக்குத் திரும்பி வருவதை இருபதாண்டுகளாகக் கண்டு வருபவன் நான். கிள்ளியின் மற்போரை முன்பே 80ஆம் பாட்டில் விரிவாகப் பாடியவர் இப்புலவர். மல்லனை மண்டியிட்டு அழுத்திய பிடி, காலை வளைத்துத் தடுத்த முறை இவற்றையெல்லாம் அங்கே நுணுகிக் கண்டு சொல்கிறார். அத்தகைய கண்ணுடையவர் இங்கே பதற்றத்தை உவமையாக்கியிருப்பார் என நம்புதற்கில்லை. அவர் சொல்வது விரைவு. விரைவு வேறு, அவசரம் வேறு. இவ்வேறுபாட்டை எனக்குக் காட்டியவை உரைநூல்கள் அல்ல. எங்கள் அலுவலகத்துக்கு எதிர்நடைபாதையில் வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவருடைய கருவிகள்.

அவர் மேற்கு உத்தரப் பிரதேசத்துக்காரர். பல்லாண்டுகளாக என் செருப்புகளைத் தைத்துத் தருபவர். பொங்கலுக்குப் பிறகுதான் முதன்முறையாக அவர் அருகே அமர்ந்து, கருவிகளின் பெயர்களைக் கேட்டேன். 'பாபுஜிக்கு இது எதற்கு?' என்று வியந்தாரே தவிர, சொல்ல மறுக்கவில்லை. அகன்ற குறுகிய அலகும் மரப்பிடியும் கொண்ட கத்திக்கு ராம்பி என்று பெயர். உளியைப்போல் அதன் முன்விளிம்பே வாய். தோலை வெட்டவும், விளிம்பைச் சீவி மென்மையாக்கவும் அதுவே. துளையிட்டு நூலை வாங்கும் குத்தூசிக்கு ஆர் என்று பெயர். இவற்றோடு ஓர் இரும்புக் கால், ஒரு மெழுகு உருண்டை, நடுவில் தேய்ந்து குழிந்த ஒரு தீட்டுக்கல்.

காலையில் முதல் ஆள் வருமுன் அவர் செய்வது தீட்டுதல். கல்லை நீரால் நனைத்து, அலகின் சாய்வு சற்றும் மாறாதவாறு வைத்து, அழுத்தாமல் இழுக்கிறார். ஒரு பக்கம் போதிய அளவு தேய்ந்தால் மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத அதனைப் பெருவிரலைக் குறுக்கே வருடி அறிகிறார். பிறகு அலகைத் திருப்பி மறுபக்கம் தேய்க்கிறார். இறுதியில் பலகையில் ஒட்டிய தோல்துண்டின்மேல் வாய்ப்பக்கம் பின்னால் வருமாறு இழுக்கப் பிசிறு உதிர்ந்துபோகிறது. வாய்ப்பக்கம் முன்னாகத் தள்ளினால் அத்தோலையே அறுத்துவிடுமாம். குத்தூசியின் முனையையும் கல்லில் உருட்டித் துருநீக்கி, மெழுகில் ஒருமுறை குத்தி எடுக்கிறார். அதன்பின் தோலில் அது இறங்கும் ஓசைகூடக் கேட்பதில்லை.

மழுங்கிய கத்திதான் கையை வெட்டும் என்றார் அவர். முதலில் எனக்கு விளங்கவில்லை. மழுங்கிய கத்திக்கு வலிமை கொடுத்து அழுத்த வேண்டும்; அழுத்திய கத்தி வழுக்கும்; வழுக்கியது தோலைப் பிடித்திருக்கும் கையில் போய் நிற்கும். இளமையில் அவ்வாறு பெற்ற வடு ஒன்றைத் தம் இடக்கைப் பெருவிரலில் காட்டினார்.

இனிப் பாட்டுக்கு வருவோம். புலவர் 'தோல்' என்னவில்லை, 'போழ்' என்கிறார். போழ்தல் என்பது பிளத்தல். போழ் எனில் பிளந்தெடுத்த வார். ஆகவே ஊசி தொடங்குமுன்பே கத்தி தன் வேலையை முடித்துவிட்டது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. வாரின் அகலம் ஓரிடத்தில் குறைந்தாலும் கட்டில் அங்கே அறும். ஒரே அகலத்தில் போழ்வதற்குக் கத்தியின் வாய் கூராக இருந்தாக வேண்டும். பின்னுகிற ஊசியோ, முன்பே இறுகிய வார்களின் இடையே நுழைந்து புதுவாரை இழுத்துச் செல்வது. அதன் உடலில் துருவோ பிசிறோ இருப்பின் ஒவ்வோர் இழுப்பிலும் வார் கீறும். நெருக்கடி வந்த பிறகு ஊசியைத் தீட்டிக்கொண்டிருக்க முடியாது. மழை தூறுமுன், வலி எடுக்குமுன், என்றோ ஒருநாள் அமைதியாக அமர்ந்து பேணி வைத்த கருவியே இன்று அவன் கையில் விரைகிறது. கிள்ளியின் தோள்களும் அப்படித்தான் என்பது உவமையின் உட்பொருள் எனக் கருதுகிறேன்.

சங்கப் புலவர்க்குக் கருவி பேணுதல் புதிய செய்தி அன்று. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குச் சென்ற ஒளவையார் (புறம் 95), பீலி அணிந்து நெய் பூசி மின்னும் வேல்களைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். மின்னுவது வேறு, உழைப்பது வேறு என்பதை அறிந்த நகை அது. வேப்பமரத்தடி ராம்பியும் தீட்டித் தீட்டி அலகு பாதியாய்க் குறைந்தது. கடையில் புதிதாய் விற்கும் கத்தி அதனினும் பளபளப்பாகத்தான் இருக்கும்.

இனிச் சொல்லக் கசப்பது ஒன்று உண்டு. அக்கட்டில் பின்னுபவனைப் புலவர் குறிக்கும் சொல் 'இழிசினன்'. நாம் இதனை மழுப்பக் கூடாது. அயலூரில் தமிழின் பெருமை பேசும் நம் மேடைகளில் இச்சொல் வரும் பாட்டுகள் விரைந்து கடக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என ஐயுறுகிறேன். ஒன்று மட்டும் எண்ணிப் பார்க்கலாம். ஆறடிகளில் ஏறக்குறைய நான்கு அவனுக்கே உரியன. அரசனுக்கு எஞ்சியவை இரண்டு. அரசனுக்கு மாலை உண்டு. அவனுக்கோ ஊரும் மனைவியும் பிறக்கப்போகும் குழந்தையும் வானமும் உண்டு. கையைக் கண்டு வியந்த புலவர், சொல்லை மட்டும் ஊரிடமிருந்து வாங்கிக்கொண்டார். இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கத்தில் பொற்கொல்லரோடு தோல் தைப்போரையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது அத்தகைய இழிசொல் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து நோக்கிய புலவர் சாத்தந்தையார். உள்ளிருந்தே பாடியவர் ஒருவர் இவ்வடநாட்டில் உண்டு. காசியில் வாழ்ந்த ரவிதாசர் தோல்தொழிலாளர் மரபினர். அவர் பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த சாகிபில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்றில், 'செருப்புத் தைக்க எனக்குத் தெரியாது, மக்களோ என்னிடமே கொண்டுவருகிறார்கள். தைக்க ஆர் இல்லை, ஒட்டுப்போட ராம்பியும் இல்லை' என்னும் பொருளில் பாடுகிறார். தைத்துத் தைத்து உலகம் கெட்டது, தைக்காமலே நான் சென்று சேர்ந்தேன் என்று மேலும் செல்கிறது அது. கருத்து ஆன்மிகம்; கருவிகளோ உண்மையானவை. தம் குலத்தை மறைக்காமல், தம் கருவிகளைப் பெயர் சொல்லி, 'இல்லை' என்று கூறும் உரிமை அவருக்கு இருந்தது. சாத்தந்தையாரின் கட்டில்காரனுக்கு நம் பாட்டில் வாய் இல்லை. கை மட்டுமே உண்டு. இவ்விரு பாடல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு, தமிழும் இந்தியும் புழங்கும் நம் போன்றோர்க்கே எளிதாக வாய்க்கிறது. அதனை நாம் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆரையும் ராம்பியையும் பற்றி ரவிதாசர் பாடியிருக்கிறார் என்று முதியவரிடம் சொன்னேன். அவருக்கு அப்பாடல் முழுதும் மனப்பாடம். இராகத்தோடு பாடிக் காட்டிவிட்டு, உங்கள் மொழியில் உள்ளது என்ன என்று கேட்டார். அறிந்த இந்தியில் 82ஆம் பாட்டைச் சொன்னேன். இழிசினன் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். கேட்டு முடித்ததும் அவர் போரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டில் யாருக்கு, விழாவுக்கு வரும் பெரியவர்க்கா, பிள்ளை பெறப்போகிறவளுக்கா என்றுதான் கேட்டார். பாட்டில் அதற்கு விடை இல்லை.