பன்னிரண்டு என்பது வயதல்ல

2023இல் சிப் விருதுகளின் அமெரிக்க விஸ்கிப் பிரிவில் முதலிடம் பிடித்த பானத்தைச் சுவைத்தவர்களுக்கு அது யாருடையது என்று தெரியாது. மறு ஆண்டு ஆகஸ்டில்தான் பாடகி பியான்சேயும் மொயே ஹென்னஸி நிறுவனமும் சேர்ந்து அதை ‘சர்டேவிஸ்’ என்று அறிவித்தார்கள். பிரபலங்களின் விஸ்கி குடிக்கத் தக்கதா என்ற பேச்சு எழுந்தால் ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்த விருதைத்தான். முகம் தெரியாமலே ஜெயித்த சரக்கை முகத்தை வைத்து மட்டம் தட்டலாமா என்று கேட்கிறார்கள்.

தட்டக் கூடாதுதான். சர்டேவிஸை உருவாக்கியவர் ஸ்காட்லாந்தின் கிளென்மோரஞ்சி, ஆர்ட்பெக் வடிசாலைகளில் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்ற டாக்டர் பில் லம்ஸ்டன். 51 பங்கு ரை, 49 பங்கு மால்ட் பார்லி. பிறகு ஷெர்ரி பீப்பாயில் கொஞ்ச காலம். அமெரிக்க ரை விஸ்கியில் இவ்வளவு பார்லி சேர்ப்பது அபூர்வம். மற்ற நட்சத்திரங்களின் புட்டிகளிலும் நல்லவை உண்டு. மேத்யூ மெக்கானஹேக்காக வைல்ட் டர்க்கி வடிசாலை செய்த லாங்பிராஞ்ச் 8 ஆண்டு முதிர்ந்த போர்பன். மெஸ்கீட் மரக்கரியில் வடிகட்டியது. நிக் ஆஃபர்மன் பெயரில் வந்த லகவுலினில் 11 ஆண்டு என்று பளிச்சென்று போட்டிருக்கிறது. எனவே நட்சத்திர விஸ்கி என்றாலே மோசம் என்பவர்கள் நாக்கை நம்பிப் பேசவில்லை.

ஆனால் அந்த விருது சொல்லும் செய்தியை ஆதரவாளர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள். பெயரே இல்லாமல் ஒரு விஸ்கி வென்றது என்றால் அந்த வெற்றி வடித்தவருக்கும் கலந்தவருக்கும் உரியது. பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. புட்டியின் முகப்பில் இருப்பதோ அந்தப் பெயர்தான். சர்டேவிஸ் என்பது பியான்சேயின் கொள்ளுத்தாத்தா டேவிஸ் ஹோக்கை நினைவுகூரும் பெயர். அவர் அமெரிக்கத் தெற்கின் விவசாயி. அரசுக்குத் தெரியாமல் சாராயம் காய்ச்சி, உறவுக்காரர்கள் எடுத்துக்கொள்ளும்படி தேவதாரு மரப் பொந்துகளில் ஒளித்துவைத்தவர். அருமையான கதை. ஆனால் புட்டியில் உள்ள விஸ்கி வடிக்கப்பட்டது வடக்கே இந்தியானா மாநிலத்தில். டெக்ஸாஸில் நடந்தது கடைசிக்கட்ட முதிர்ச்சியும் கலவையும் புட்டியில் அடைப்பதும்தான்.

பெயருக்கும் சரக்குக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிக்குக் காரணம் விஸ்கியின் இயல்பிலேயே இருக்கிறது. ஜார்ஜ் குளூனியும் நண்பர்களும் 2013இல் தொடங்கிய காஸமிகோஸ் டெகீலாவை 2017இல் மது நிறுவனமான டியாஜியோ 100 கோடி டாலர் வரை தருவதாகச் சொல்லி வாங்கியது. ரையன் ரெனால்ட்ஸ் பங்குதாரராக இருந்த ஏவியேஷன் ஜின் 2020இல் 61 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தத்தில் அதே நிறுவனத்துக்குப் போனது. வெள்ளை டெகீலாவும் ஜின்னும் பீப்பாய்க்காகக் காத்திருப்பதில்லை. இன்று வடித்து அடுத்த மாதம் விற்கலாம். விஸ்கி அப்படியல்ல. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மூன்று ஆண்டு மரப்பீப்பாயில் கிடந்தால்தான் சட்டப்படி அதற்கு விஸ்கி என்றே பெயர். புகழுக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் நட்சத்திரத்துக்கு உள்ள வழி ஒன்றே: வேறு யாரோ, வேறு எப்போதோ வடித்து வைத்ததை வாங்குவது.

வாங்குவது குற்றமல்ல. இந்தியானாவின் லாரன்ஸ்பர்க்கில் உள்ள பழைய சீகிராம் வடிசாலை எத்தனையோ அமெரிக்க பிராண்டுகளுக்கு ரை விஸ்கி ஊற்றிக்கொடுக்கிறது. அயோவாவின் மதுவிலக்குக் காலச் செய்முறை என்று கதை சொல்லி விற்ற டெம்பிள்டன் ரையும் அங்கிருந்துதான் வந்தது. வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2015இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்து பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் அந்தக் கதையில் நட்சத்திரம் யாரும் இல்லை. நட்சத்திரம் இருந்தால் எங்கே வடித்தது, எத்தனை வயது என்று கேட்கக்கூடத் தோன்றாது. கேள்வி எழ வேண்டிய இடத்தில் முகம் உட்கார்ந்துவிடுகிறது.

இதற்குக் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் கான்னர் மெக்ரிகரின் ‘ப்ராப்பர் நம்பர் ட்வெல்வ்’ அளவுக்குத் தெளிவான உதாரணம் வேறில்லை. கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிக் 12, 12 ஆண்டு பிளாக் லேபிள் என்று விஸ்கி அலமாரியில் பன்னிரண்டு என்ற எண்ணுக்கு ஒரே பொருள்தான் உண்டு: பீப்பாயில் கழிந்த ஆண்டுகள். மெக்ரிகரின் புட்டியில் உள்ள பன்னிரண்டு அவர் வளர்ந்த கிரம்லின் பகுதியின் அஞ்சல் எண். டப்ளின் 12. உள்ளே இருப்பது வட அயர்லாந்தின் புஷ்மில்ஸ் வடிசாலையில் உருவான இளம் கலவை விஸ்கி, வயது அச்சிடப்படவில்லை. ஊர்ப்பாசம் உண்மையானதாகவே இருக்கட்டும். ஆனால் கடையில் நிற்கும் புதியவர் அந்த எண்ணை எப்படிப் படிப்பார் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியாமல் இருக்க முடியாது.

மெக்ரிகர் விஸ்கியின் கணக்கையும் பார்க்க வேண்டும். விஸ்கி சந்தைக்கு வந்தது 2018 செப்டம்பரில். மெக்ரிகரும் கூட்டாளிகளும் பெரும்பான்மைப் பங்கை ப்ராக்ஸிமோ நிறுவனத்துக்கு விற்றது 2021 ஏப்ரலில், மொத்தம் 60 கோடி டாலர் வரை என்ற ஒப்பந்தத்தில். அறிமுக நாளன்று ஒரு பீப்பாயை நிரப்பி வைத்திருந்தால், விற்பனை முடிந்த நாளில் அதற்கு விஸ்கி என்ற பெயர்கூடக் கிடைத்திருக்காது. மூன்று ஆண்டு நிறையவில்லை. 2024 நவம்பரில் டப்ளினில் ஒரு சிவில் வழக்கில் நடுவர்குழு மெக்ரிகருக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகு, அவர் பெயரையும் படத்தையும் இனி விளம்பரத்தில் பயன்படுத்தப்போவதில்லை என்று ப்ராக்ஸிமோ அறிவித்தது. முகத்தை எடுத்தாயிற்று, விஸ்கி தொடர்கிறது. அந்த முகத்துக்கும் புட்டிக்குள் இருந்ததற்கும் எவ்வளவு தொடர்பு என்பதை விற்றவர்களே காட்டிவிட்டார்கள்.

கால்பந்து வீரர் டேவிட் பெக்கமை வைத்து டியாஜியோ 2014இல் இறக்கிய ஹெய்க் கிளப்பும் இதே வழிதான். கேமரன்பிரிட்ஜ் வடிசாலையின் தானிய விஸ்கி, வயது குறிப்பிடாமல், வாசனைத் திரவியம் போல நீலச் சதுரப் புட்டியில். அடுத்து வந்த கிளப்மன் கோலாவோடு கலந்து குடிக்கவென்றே உருவானது. பாடகர் பாப் டிலனின் ஹெவன்ஸ் டோர் புட்டியில் அவர் இரும்பில் பற்றவைத்த கதவுகளின் உருவம் இருக்கிறது, பார்க்க அழகு. 2018இல் வந்த முதல் போர்பன் புட்டியில் டென்னஸி என்று மாநிலம் தெரிந்தது, வடிசாலை தெரியவில்லை. பாட்டெழுதியவர் யார் என்று குறிப்பிடாத இசைத்தட்டை டிலன் ஒப்புக்கொள்வாரா?

முகம் கேள்வியை மறைக்கும் இந்தக் குறை இந்தியாவில் இன்னும் ஆழமானது. மது விளம்பரம் தொலைக்காட்சியில் தடைசெய்யப்பட்ட நாடு இது. அதனால்தான் சோடாவும் இசைத்தட்டும் மதுவின் பெயரில் விளம்பரமாகின்றன. ஆனால் ஒரு நடிகர் பங்குதாரர் ஆகிவிட்டால் அவர் பேசுவதெல்லாம் தொழில் செய்தி. சஞ்சய் தத் பங்குதாரராக உள்ள கிளென்வாக் ஸ்காட்ச் 2023இல் வந்தது. ஷாருக் கானின் மகன் ஆர்யனின் தியாவோல் வரிசையிலும் ஸ்காட்ச் உண்டு. ராணா டகுபதியும் இசையமைப்பாளர் அனிருத்தும் சேர்ந்து 2024இல் தொடங்கிய லோகா லோகா டெகீலா என்றாலும் பாதை அதேதான். ரசிகருக்குக் கிடைப்பது நாயகனின் பேட்டி. சரக்கு எந்த ஊரில், யார் கையில், எத்தனை ஆண்டு ஊறியது என்று அந்தப் பேட்டிகளில் யாரும் துருவிக் கேட்பதில்லை.

நட்சத்திர விஸ்கியால் புதியவர்கள், முக்கியமாகப் பெண்கள், விஸ்கி பக்கம் திரும்புகிறார்கள் என்பது கடைசியாக வரும் வாதம். திரும்பட்டும். ஆனால் முதல் புட்டியிலேயே லேபிளைப் படிக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தால் போதும் என்று பழக்கினால் அவர்கள் கற்றுக்கொள்வது விஸ்கியை அல்ல. வைல்ட் டர்க்கியில் ஜிம்மி ரஸல் வேலைக்குச் சேர்ந்தது 1954இல், மகன் எடி 1981இல். லாங்பிராஞ்சை மெக்கானஹேயோடு சேர்ந்து உருவாக்கியவர் இந்த எடிதான். அந்த போர்பனை ரசிக்கும் புதியவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மெக்ரிகரின் விஸ்கி வந்த அதே புஷ்மில்ஸ் தன் சொந்தப் பெயரில் ஒரு சிங்கிள் மால்ட் விற்கிறது. லேபிளில் வடிசாலையின் பெயர் இருக்கிறது, 10 ஆண்டு என்று வயதும் இருக்கிறது. அந்த எண் எந்தத் தெருவுடையதும் அல்ல. செலவழிக்கிற பணத்துக்கு அதை வாங்கிக் குடிக்கலாம்.